முப்பத்தொரு புள்ளிகள்

ஜூன் 3, செவ்வாய்

நான் இறந்துபோன கணவரோடு பேசுவதில்லை. மாடியில் குடியிருப்பவள் அப்படிச் சொல்லித் திரிகிறாள். இன்று என் மகளுக்கே போன் செய்து சொல்லிவிட்டாள்.

"அம்மா, அந்த அக்கா பயந்துபோய்ப் பேசினாங்க. அப்பா நாற்காலிக்கு எதிர்ல உக்காந்து முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளின்னு சொல்லிக்கிட்டே இருக்கியாமே."

"ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவைதான் சொல்றேன். அவளுக்கு எண்ணத் தெரியலை."

"விளையாடாதம்மா. கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்."

முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் நான். ஒருவர் அச்சுத்தாளைக் கால்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட உரக்க வாசிக்க, மற்றவர் கையெழுத்துப்படியில் பின்தொடர வேண்டும். அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்த்தோம். நான் வாசிப்பேன். தவறு வந்தால் அவர் விரலால் மேசையைத் தட்டுவார். வாசிப்பை நிறுத்தாமல் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். கடைசியில் புள்ளிகளை மொத்தமாகப் பார்ப்போம்.

அவருடைய கடைசிப் புத்தகத்தை அச்சகம் கேட்கிறது. தட்ட ஆள் இல்லை. அதற்காக வாசிக்கும் முறையை மாற்ற முடியாது.

ஜூன் 5, வியாழன்

கல்லூரியில் தத்துவம் நடத்தியவர் வேறு எதைப் பற்றி எழுதுவார்? மனமும் உடம்பும். நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சண்டை. மனம் இடத்தை அடைக்காது, உடம்பு இடத்தை அடைக்கும், இரண்டும் வேறு வேறு பொருள் என்றார் ஒருவர். நாடிழந்த ஓர் இளவரசி அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள்: இடமே அடைக்காத ஒன்று கையை எப்படி அசைக்கும்? அவர் மரியாதையாகச் சுற்றி வளைத்தார். அவள் விடாமல் மறுபடி எழுதினாள்.

"உன் ஜாதி அவ" என்பார் என் கணவர். "பதில் வர்ற வரைக்கும் தபால்காரனை விடமாட்டா."

ஜூன் 7, சனி

முதல் நாற்பத்திரண்டு பக்கம் போன வருடமே வாசித்தது. அந்தத் தாள்களை இன்றுதான் கட்டவிழ்த்தேன். ஓரத்தில் என் புள்ளிகள்.

அவர் படுக்கையில் இருந்தபோது வைத்தவை. மூளையில் ரத்தம் கசிந்து, பேச்சும் அசைவும் போய், கண் திறந்தபடி கிடந்தார். பகலெல்லாம் சும்மா உட்கார எனக்கு வராது. அவர் கையை என் இடது கையில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அவ்வப்போது அவர் விரல் என் உள்ளங்கையை அமுக்கும். வலது கை, பழக்கத்தில், புள்ளி வைக்கும்.

நரம்பு டாக்டரிடம் காட்டினேன். சின்ன வயது, நல்ல மாதிரி. "அது தானா நடக்கிறதும்மா. நீங்க வாசிக்கிறது எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. உங்க தொண்டையைக் கெடுத்துக்காதீங்க" என்றார்.

அன்றே தாள்களைக் கட்டி வைத்துவிட்டேன். பதினோராம் நாள் அவர் போனார்.

புள்ளிகளைச் சரிபார்க்கவே இல்லை. எதற்கு?

ஜூன் 8, ஞாயிறு

முதல் புள்ளி, மூன்றாம் பக்கம். கையெழுத்துப்படியோடு ஒப்பிட்டேன். ஒரு வரி முழுதாக விட்டுப்போயிருக்கிறது. வரி இல்லாமலும் வாக்கியம் ஓடுகிறது. அதனால் வாசிக்கும்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று கையெழுத்துப்படி யார் கையிலும் இல்லை. அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்று, ஏழாம் பக்கம். "மனம்" வர வேண்டிய இடத்தில் "உடம்பு". புள்ளி.

சாப்பிடவில்லை. பசிக்கலை. 

ஜூன் 12, வியாழன்

ஓரத்தில் கோடு போடாத தாளை எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கிழித்துப் போடுவார். அந்தப் பழக்கத்தில் முழுக் கணக்கையும் கோடு போட்டு எழுதினேன். நாற்பத்திரண்டு பக்கத்தில் பதினொரு பிழை. ஒன்பதில் புள்ளி இருக்கிறது. இரண்டை அவரும் விட்டுவிட்டார், வகுப்பெடுக்கும்போதே கண்ணயர்ந்தவர்தான்.

ஒன்பது. அந்த டாக்டர் என் முன்னால் வந்து நின்று, தான் சொன்னது தப்புன்னு சொல்லணும்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதியதில் நேர்மை இல்லை. மொத்தம் முப்பத்தொரு புள்ளி. அதில் பதினான்கு, பக்கங்களின் கடைசி வரியில் விழுந்திருக்கின்றன. தாள் புரட்ட நான் முன்னால் சாயும்போது என் கை அவர் கையை இழுத்திருக்கும். விரல் மடங்கியிருக்கும். அவ்வளவுதான்.

மனமும் உடம்பும் ஒரே சமயம் வைத்து விட்ட இரண்டு கடிகாரங்கள் என்று இன்னொரு தத்துவக்காரர் சொன்னதை இவர் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து மணி அடிப்பதால் ஒன்று மற்றதைக் கேட்கிறது என்று ஆகாது. என் ஒன்பதும் அப்படித்தானோ? பதினொன்றில் ஒன்பது தற்செயலாக விழுமா?

ஒன்பதும் பதினான்கும் இருபத்து மூன்று போக, மீதி எட்டு. பக்க முடிவிலும் இல்லை, பிழையும் இல்லை. ஒவ்வொன்றையும் நான்கு முறை பார்த்தேன். சுத்தமான வரிகள்.

ஜூன் 16, திங்கள்

அந்த எட்டில் ஒன்று முப்பத்தெட்டாம் பக்கம். மெழுகைத் தீயருகே வைத்தால் மணம், வடிவம் எல்லாம் போனாலும் அதே மெழுகுதான் என்று வரும் பத்தி. அந்த வாரம் எனக்கு இருமல். அங்கேதான் குரல் உடைந்து நிறுத்தினேன் என்று நினைவு. சத்தியம் செய்ய மாட்டேன். நான் இருமினால் "தண்ணி குடி, பத்தி ஓடியா போகுது" என்பது அவர் வழக்கம்.

அவர் கை கனமாக இருக்கும். நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு. மாதங்கள் ஆகின்றன, என் இடது கை இன்னும் அந்தக் கனத்துக்கு இடம் விட்டே மடங்குகிறது.

பிழையே இல்லாத இடத்தில் எதற்குங்க அமுக்கினீங்க?

ஜூன் 19, வியாழன்

டாக்டரிடம் போனேன். டோக்கன் இருபத்தேழு. மகளும் வந்தாள். தாள்களை மேசையில் விரித்தேன். பொறுமையாகப் பார்த்தார்.

"அம்மா, எங்க கருவியில எதுவும் பதிவாகலை. அதுக்காக இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. உங்களுக்கு எது ஆறுதலோ அதை நம்புங்க."

"ஆறுதலுக்கு நான் ரெண்டு மணி நேரம் பெஞ்சில உக்காரலை, டாக்டர்."

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும், "அவர் என்னம்மா பண்ணுவார், பாவம். நீ ஜெயிக்கணும்னு வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அப்படித்தான் வந்தேன். மீதி எட்டுப் புள்ளியைப் பற்றி டாக்டரிடம் கேட்கவே இல்லை. 

ஜூன் 24, செவ்வாய்

புத்தகம் முடிந்து அச்சகத்துக்குப் போயிற்று. அந்தப் பதினொரு பிழையும் திருத்தியாயிற்று. டாக்டருக்கு இன்று காலை தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

ஐயா,

அன்று நான் கடுமையாகப் பேசியதற்கு வருந்துகிறேன். உங்களைக் குற்றம் சாட்டி எழுதவில்லை. வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னது என் தொண்டைக்காக. நிறுத்தியது நான். எனக்கும் களைப்பாக இருந்தது. நிறுத்த ஒரு காரணம் கிடைத்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிழைகள் மேல் விழுந்த ஒன்பது புள்ளிகளை நீங்கள் தற்செயல் என்று சொன்னாலும் வாதாட மாட்டேன். கேட்க வேண்டியது வேறு. பிழை இல்லாத இடத்திலும் எட்டு முறை என் கையை அமுக்கினார். அதன்பின் பதினொரு நாள் நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பதினொரு நாளும் அவர் என்னைத் தேடியிருக்க முடியுமா?

முடியும், முடியாது, தெரியாது: மூன்றில் எது உண்மையோ அதை எழுதுங்கள். தெரியாது என்பதையும் நான் பதிலாக ஏற்றுக்கொள்வேன். போன் வேண்டாம். உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள்.