புடலங்காய்ப் பங்காளிகள்

12-8-1993

மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. மகன் சிவசண்முகத்திடம் மட்டும் அறிவுரை வற்றவில்லை. "எழுவது வயசுல அறிவொளி வகுப்புக்குப் போயி என்னப்பா ஆகப்போகுது? கலெக்டர் வேலையா குடுக்கப் போதான்?" என்கிறான். அவன் வாத்தியார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். பெற்ற அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கவில்லை, பாவம்.

இந்தப் பக்கத்தை எழுத ஒரு பொழுது ஆகிறது. விரல் வலிக்கிறது. மண்வெட்டி பிடித்து இப்படி வலித்ததில்லை. ஆனாலும் என்ன சுகம்!

எங்கள் வம்சத்தை எழுதப் போகிறேன். என் தாத்தாவின் அப்பா உச்சிமாகாளியில் தொடங்கி, போன மாதம் பிறந்த குழந்தை வரை. எல்லாரையும் தேடிப் பிடித்து, வருகிற பங்குனி உத்திரத்துக்கு மருதடி சாஸ்தா கோயிலில் கூட்ட வேண்டும். ஒரே சாஸ்தாவைக் கும்பிட்டால் ஒரே ரத்தம், பங்காளிகள். ரத்தத்துக்காக வராதவன்கூடச் சர்க்கரைப் பொங்கலுக்கு வருவான்.

15-8-1993

ஒரு பெரிய தாளில் வேர் மாதிரி கோடு போட்டு, பெயர்களை எழுதி, பேச்சித்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். என் மனைவி. வகுப்புக்குக் கூப்பிட்டபோது, "உங்களப் படிச்சதே எனக்குப் போதும்" என்று சொன்னவள்.

முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் ஆம்பளையாவே இருக்கே. பொம்பள இல்லாம எப்படிப் பெத்துக்கிட்டாக?" என்றாள்.

"வம்சம்னா அப்படித்தான் எழுதணும்."

"அப்ப வலியும் அவுகளே பட்டிருப்பாக" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்வி இல்லாதவள்.

22-8-1993

அம்பாசமுத்திரம் போனேன். பஸ் போர்டை நானே படித்து, யாரிடமும் கேட்காமல் கம்பீரமாக ஏறினேன். பாபநாசத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். டிரைவர் போர்டை மாற்றவில்லையாம். நான் படித்தது சரிதான், பஸ்தான் தப்பு.

திரும்ப அம்பாசமுத்திரம் வந்து, தாத்தாவின் தம்பி வழிக்காரர்களைப் பார்த்தேன். அவர்கள் வீட்டுத் தாத்தாக்கள் எல்லாரும் ஆறடி உயரம். எல்லாரும் வெள்ளைக்காரனை எதிர்த்தவர்கள். எல்லாரும் புலியைப் பார்த்தவர்கள். குட்டையாக, பயந்தாங்கொள்ளியாக ஒருத்தர்கூடக் கிடையாது. அப்புறம் நாங்கள் எல்லாம் யாருக்குப் பிறந்தோமோ.

ஒரு சேதி மட்டும் உருப்படியாகக் கிடைத்தது. உச்சிமாகாளிக்கு மூன்று மக்களாம். மூன்றாவது கொடி திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டதாம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. தாளில் 'பெயர் தெரியாத தாத்தா' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக மீசையும் வரைந்தேன்.

2-9-1993

பேத்தி விஜயஸ்ரீயைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். சிவசண்முகத்தின் மகள். மாப்பிள்ளை குமரகுருபரன், திருநெல்வேலி வண்ணார்பேட்டை. அவனுடைய அப்பா பாலசுப்பிரமணியன் அரசாங்க உத்தியோகம். உட்காரும்போதே நாற்காலிக்கு உத்தரவு போடுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"உங்களுக்குச் சாஸ்தா எது?" என்று கேட்டேன். வேறு சாஸ்தா என்றால்தானே சம்பந்தம் பேச முடியும்.

"சொரிமுத்து அய்யனார்" என்றார். சொந்தச் சாஸ்தாவை மறந்தவர்கள் எல்லாரும் சொல்லும் பதில். இருக்கட்டும்.

சபையில் பேத்தி, "அப்பா இஷ்டம்" என்றாள். பின்கட்டில் என்னிடம் மட்டும், "அவங்க சிரிச்சா நல்லாயிருக்கு தாத்தா" என்றாள். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. இப்படி ஒன்று வேண்டும் என்று அவள் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

13-9-1993

எழுதவா வேண்டாமா. எழுதுகிறேன்.

கல்யாணச் சமையல் பேச வண்ணார்பேட்டை போயிருந்தோம். சமையலுக்குப் பேசியிருந்த தவசிப்பிள்ளை ஒவ்வொரு காயாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா பாலம்மாள் கதவோரம் நின்று, "கூட்டுக்குப் புடலங்காய் மட்டும் வேண்டாம். எங்க வீட்டுக்குள்ளயே அது வரக்கூடாது" என்றாள்.

புடலங்காயை விலக்குகிற வீடு இந்தச் சீமையில் எங்கள் வம்சம் ஒன்றுதான். உச்சிமாகாளி தாத்தாவைப் புடலைப் பந்தலில் பாம்பு தீண்டியது. பிழைத்தெழுந்தவர் சாஸ்தா முன்னால் நேர்ந்துகொண்டது அது. காய் என்று நினைத்துப் பாம்பைப் பிடித்தாராம். ஆறடி வீரர்களின் தகப்பன்!

துள்ளி எழுந்து பாலசுப்பிரமணியனைக் கட்டிப்பிடித்தேன். "ஏ, நீங்க எங்க மூணாவது கொடிவே! நீரு என் பங்காளி! நம்ம ஒரே ரத்தம்வே!" என்று சத்தம் போட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. தவசிப்பிள்ளை பைய எழுந்து செருப்பை மாட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்காளி மக்கள் என்றால் அண்ணன் தங்கை. பேத்திக்குப் பார்த்த மாப்பிள்ளையை, சபையில் வைத்து அவளுக்கு அண்ணன் ஆக்கிவிட்டேன்.

14-9-1993

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ரேடியோ பேசியது. அதையும் சிவசண்முகம் அணைத்துவிட்டான்.

16-9-1993

பாலசுப்பிரமணியன் வந்தார். "அண்ணாச்சி, நான் படிச்சவன். இந்த மூடப் பழக்கமெல்லாம் நம்புதவன் இல்ல. ஆனா அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சான்னு ஊரு பேசுமே" என்றார். நம்பாதவர் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து கல்யாணத்தை நிறுத்திவிட்டுப் போனார். நம்புகிறவராக இருந்தால் கடிதாசியோடு முடித்திருப்பார்.

விஜயஸ்ரீ எனக்குச் சோறு போட்டாள். "நீங்க எழுதப் படிச்சது நல்லதுதான் தாத்தா" என்றாள். அவ்வளவுதான். மோர் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்லா? ஏன் திட்டல? கிழட்டு மூதி, உனக்கு எதுக்கு எழுத்துன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தச் சோறு இறங்கியிருக்கும்.

20-9-1993

தாளை எடுத்து மூன்றாவது கொடியை அழிக்கப் போனேன். பேச்சித்தாய் பார்த்துவிட்டாள்.

"நீங்க அழிச்சா அவுக வீட்டுக் கூட்டுல புடலங்காய் விழுந்துருமா?"

"வேற என்னட்டி செய்யச் சொல்லுத?"

"அந்த வழக்கம் எங்கேருந்து வந்துதுன்னு அந்தம்மாகிட்ட யாராச்சும் கேட்டீகளா?"

"அவ வேற வீட்டுலேருந்து வாக்கப்பட்டு வந்தவ. அவளுக்கு இவுக வம்சம் எப்படித் தெரியும்?"

"வம்சம் தெரியாது. எதச் சமைக்கணும், எதச் சமைக்கக் கூடாதுன்னு தெரியும்லா. அத உங்க தாத்தாமாரா சொல்லிக் குடுத்திருப்பாக?"

அழிக்காமல் தாளைச் சுருட்டி வைத்தேன். எழுத்து தெரிந்தவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

24-9-1993

இரண்டு பேரும் வண்ணார்பேட்டை போனோம். முன்னறையில் நானும் பாலசுப்பிரமணியனும் எதிரெதிரே உட்கார்ந்து தலைக்கு மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சித்தாய் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். பேச்சு முன்னறைவரை கேட்டது.

"புடலங்காய் ஆகாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது தாயி?"

"எங்க மாமியா. அவுகளுக்கு அவுக மாமியா, என் புருஷனுக்கு ஆச்சி."

"அந்த ஆச்சிக்கு?"

"அவுக மாமியா, கோமுன்னு பேரு. அது அவுக பொறந்த வீட்டு வழக்கமாம். கல்லிடைக்குறிச்சிக்கு மேக்க. அவுக புருஷனுக்குப் புடலங்காய்க் கூட்டுன்னா உசுராம். ஆனா வீட்டோட மாப்பிள்ளையால்லா இருந்தாரு, வாயத் திறக்க முடியல. பொறவு தனியா இங்கன குடி வந்தும் கோமு விடல."

"கோமுவுக்கு அப்பா பேரு?"

"உச்சிமாகாளின்னு சொல்லுவாக."

பாலசுப்பிரமணியன் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். "இது எனக்கே தெரியாதே! நீ ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? அன்னைக்குச் சொல்ல வந்தேன், 'பொம்பள சும்மா இரு'ன்னீக."

அப்படியானால் மூன்றாவது கொடி மகன் இல்லை. மகள். கோமு என் தாத்தாவின் கூடப்பிறந்தவள். அவளுடைய பிள்ளைகள் அவள் புருஷன் வம்சம். அந்த மனுஷனின் சாஸ்தா எதுவோ, மாமனார் வீட்டில் உட்கார்ந்து மறந்துவிட்டார். அவர்கள் எங்களுக்குப் பங்காளி இல்லை, மாமன் மச்சான். பையன் விஜயஸ்ரீக்கு அண்ணன் இல்லை, முறைப்பையன்! கட்டாமல் விட்டால்தான் ஊர் பேசும்.

பாலசுப்பிரமணியன் திரும்பி வந்து உட்கார்ந்தார். காபி ஆறுவதற்குள், "அப்ப நம்ம சொந்தத்துக்குள்ளதான் மாமா" என்றார். உள்ளே நுழையும்போது நான் அண்ணாச்சி. மூடப் பழக்கம் எதையும் நம்பாதவர், முறையை மட்டும் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டார்!

வீட்டுக்கு வந்ததும் 'பெயர் தெரியாத தாத்தா'வையும் மீசையையும் அழித்தேன். தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு 'கோமு' என்று எழுதினேன். இரண்டே எழுத்து. இதற்குத்தான் இவ்வளவு பாடு.

விஜயஸ்ரீ அப்போதுதான் திட்டினாள். வயிறு குளிர்ந்தது.

28-1-1994

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முறை கண்டுபிடித்தது தன் அப்பா என்று சிவசண்முகம் பந்தியில் எல்லாரிடமும் சொன்னான். அப்பாவை எழுதப் படிக்க வைத்தது தான்தான் என்றும் சொன்னான். மறுக்கவில்லை. கல்யாண வீட்டில் உண்மை பேசினால் சாப்பாடு ருசிக்காது.

கார் ஏறும்போது விஜயஸ்ரீயும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். பையன் சிரித்தான். நல்லாத்தான் இருக்கு.

6-2-1994

தாளில் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வருகிறேன். என் அம்மா, ஆச்சி, அத்தைமார். இப்போது தாள் போதவில்லை. இன்று பேச்சித்தாயிடம் அவள் அம்மா பெயரைக் கேட்டேன். கட்டி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மாமியார் பெயரை இன்றைக்குத்தான் கேட்கிறேன். "சிவனம்மா" என்றாள்.

"அவுக அம்மா பேரு?"

யோசித்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "தெரியலையே" என்றாள். என்னைக் குத்திக்காட்ட ஒரு வார்த்தைகூட இல்லை அவளிடம்.

சேரன்மகாதேவியில் அவளுடைய தாய்மாமன் மகள், மதினி ஒருத்தி உயிரோடு இருக்கிறாளாம். அவளைக் கேட்டால் தெரியுமாம்.

7-2-1994

சேரன்மகாதேவி பஸ் ஏழு மணிக்கு. இன்னும் விடியவில்லை. பேச்சித்தாய் பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எழுதுனது போதும், வாங்க என்கிறாள்.