வேல்நம்பி திறந்து வைத்த கதவு

அன்புள்ள நண்பனுக்கு,

நேற்று மூக்குக்கண்ணாடியைப் பழுது பார்க்கச் சிவாஜிநகர் போயிருந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் நாடகச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். வாசலில் ஒருவன் முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இன்னொருவன் அவனுக்கு மீசை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிசினின் நெடி மூக்கில் ஏறியதும் உன் நாடகம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த நாடகம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடியைக் கொடுக்காமலே வீடு திரும்பினேன்.

நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத்து ஓடாது. "பொண்டாட்டியோட சண்டை போடறதுக்குக்கூட நீ அஜெண்டா எழுதுவே" என்று கேலி செய்வாய். செய்துகொள். நான் சொல்ல வந்தவை:

1. உன் நாடகத்தின் தலைவன் வேல்நம்பி மானமுள்ளவன். இதில் நமக்குள் தகராறு இல்லை.
2. மானமுள்ள தலைவன் முட்டாளாகவும் இருக்கலாம் என்றாய் நீ. முடியாது என்றேன் நான்.
3. நாடகத்தன்றும், அதை அடுத்த திங்கட்கிழமையும் நடந்தவை.
4. அந்தக் கடைசி வசனத்தை நீ எழுதாமலே இருந்திருக்க வேண்டும்.

சுதந்திரம் வந்த புதிது. நாம் இருவரும் சர்க்கார் ஆபீசில் எதிரெதிர் மேஜை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நீலசந்திராவுக்குப் போய்க் கட்டட வேலைக்காரர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவாய். உன் கூடவே நானும் வருவேன், யாராவது பார்த்து ஆபீசில் சொல்லிவிடுவார்களோ என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு. அவர்களுடைய குடிசைகள் ஒரு பணக்காரரின் நிலத்தில் இருந்தன. அவர் காலி செய்யச் சொன்னார். குடிசைக்காரர்களுக்காகப் பேசப் போனவர் மேஸ்திரி. அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூலியில் ஒரு காசு பிடிக்காதவர், சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பவர். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

"பொங்கல் கழிந்த திங்கட்கிழமை எல்லாக் குடிசைகளையும் நீங்களே பிரித்துவிடுங்கள், ஏரிக்கு அந்தப் பக்கம் வேறு இடம் தருகிறேன்" என்றார் நிலக்காரர். மேஸ்திரி ஒப்புக்கொண்டு அவரோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்தார். அவர் தொழிலில் காகிதம் கிடையாது. தாம்பூலம் மாற்றினால் முடிந்தது.

அந்த ஏரிப்பக்கத்து நிலத்தை நிலக்காரர் ஏற்கெனவே விற்றுவிட்டார் என்பது உன் காதுக்கு எட்டியது. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாய். அவர் சிரித்தார்.

"பெரிய மனுசன் சார் அவரு. தாம்பூலம் மாத்திக்கினு பொய் சொல்வாரா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அது அவரு பாவம். நான் குடுத்த வாக்கு நான் குடுத்ததுதான்."

மற்றவர்களிடம் சொன்னால், மேஸ்திரியைப் பற்றியா பேசுகிறாய் என்று கையை ஓங்கினார்கள். பொங்கலுக்கு நாடகம் போட்டுத் தரும்படி அவர்களே உன்னைக் கேட்டிருந்தார்கள். அப்படிப் பிறந்தவன்தான் வேல்நம்பி. மலைக்கோட்டை ஒன்றின் தலைவன். முற்றுகையிட்ட எதிரி சமாதானம் பேச அழைக்கிறான். பேசி முடிக்கும்வரை கோட்டைக் கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறான். வேல்நம்பி வாக்குக் கொடுக்கிறான். கதவு திறந்தே இருக்கிறது. எதிரி உள்ளே நுழைகிறான்.

ஆபீசுக்கு எதிரே இருந்த ஓட்டலில் காபி ஆறிப்போகும்வரை நாம் இதைப் பேசினோம்.

"நல்லவன் ஏமாந்தா அது ஏமாத்தினவன் தப்பு. இவனை ஏன் முட்டாளாக்கறே?" என்றேன்.

"தனி ஆளா ஏமாந்தா சரி. பின்னாடி ஒரு ஊரே நிக்கறப்ப?"

"பின்னாடி நிக்கறவங்களைப் பாக்காம வாக்குக் குடுத்தவனுக்கு மானம்னா என்னன்னே தெரியலைன்னு அர்த்தம். மானத்துக்குள்ளயே விவேகம் அடக்கம். ரெண்டும் இருந்தாத்தான் அவன் மானமுள்ளவன்."

"அது அகராதியில இருக்கிற மனுஷன்டா. எனக்குத் தெரிஞ்சவனுக்கு ரெண்டும் இருக்கு, ஒரே சட்டையில ரெண்டு பாக்கெட் மாதிரி."

நான் தர்க்கம் பேசியது உண்மை. ஆனால் தர்க்கத்துக்கு அடியில் இருந்தது பயம். வேல்நம்பி யார் என்று அங்கே யாருக்குப் புரியாது? மேஸ்திரியைக் கிறுக்கன் என்று டீக்கடையில் சொன்ன ஒருவனின் உதடு கிழிந்ததை நாம் இருவரும் பார்த்தோம். நீ கடைசிக் காட்சியில் வேல்நம்பிக்கு எழுதியிருந்த வசனம் இது: "வாக்கைக் காத்தேன், அது என் மானம். கதவைத் திறந்து வைத்தேன், அது என் முட்டாள்தனம். இரண்டையும் செய்தவன் நான் ஒருவனே." அதை மட்டும் எடுத்துவிடு என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அதுக்காகத்தானே மீதியெல்லாம் எழுதினேன்" என்றாய்.

காணும் பொங்கல் அன்று பிற்பகல், குடிசைகளுக்கு நடுவே இருந்த திடலில் நாடகம். நீதான் வேல்நம்பி. வசனம் எடுத்துக் கொடுப்பவன் நான். மூங்கில் தட்டிக்குப் பின்னால் காகிதங்களோடு நின்றேன். கோட்டைக் கதவைச் சாரப் பலகைகளால் மேஸ்திரியே செய்து கொடுத்திருந்தார். பெருமையோடு முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டியின் ஓட்டை வழியாக அவர் முகம் எனக்கு நேரே தெரிந்தது. வேறு எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

எதிரியின் தூதன் வந்ததுமே கூட்டம் தொடங்கிவிட்டது.

"அவன நம்பாதய்யா! மூஞ்சப் பாரு, திருட்டு முழி!"

வேல்நம்பி கதவைத் திறந்து வைக்கச் சொன்னான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சாத்துய்யா கதவ, குளுருது!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு போய், "சாத்து, சாத்து" என்று நிஜமாகவே கத்தினார்கள். மேஸ்திரி பின்னால் திரும்பி அதட்டினார்.

"சும்மா இருங்கடா! அதான் வாக்கு குடுத்துட்டாரில்ல!"

நான் அடுத்த காகிதத்தைப் புரட்டினேன்.

கடைசிக் காட்சி. கோட்டை விழுந்துவிட்டது. நீ நடுமேடையில் மண்டியிட்டு வாயைத் திறந்தாய். எதிரே மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உனக்குக் குரல் எழவில்லை. மறந்துவிட்டாயோ என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். நீ அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். திடலில் அப்படியொரு நிசப்தம். அதைத் தாங்க முடியாத பயத்தில் மூன்றாவது முறை கத்தியேவிட்டேன். முட்டாள்தனம் என்ற சொல் தட்டிக்குப் பின்னாலிருந்து, என் கீச்சுக் குரலில், திடல் முழுவதும் கேட்டது.

"எவன்டா அது உள்ளேருந்து?" என்று இரண்டு பேர் எழுந்தார்கள்.

"மேஸ்திரி, உன்னத்தான்யா சொல்றானுங்க!"

தட்டியைப் பிடுங்க ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓட வேண்டும் என்று நினைத்தேன். மேஸ்திரி எழுந்து ஒரு கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது.

"உள்ள யாரு? குமாஸ்தா சாரா? வெளிய வாங்க."

வந்தேன். காகிதங்கள் கையிலேயே இருந்தன.

"இன்னா சொன்னீங்களோ அத்த இன்னொரு தபா சொல்லுங்க."

படித்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். "ஆய்த்து" என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார், சரி, ஆயிற்று என்பதுபோல. பிறகு நம் இருவரையும் பார்த்து, "முடிங்க சார். புள்ளைங்க பசியா இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பயந்துகொண்டே போனோம். மேஸ்திரி தன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து தகரங்களைக் கழற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அவர் வீடு மட்டும். மற்ற வீடுகள் அப்படியே இருந்தன. அவற்றின் வாசலில் நின்று எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி இது?" என்றாய்.

"தாம்பூலம் வாங்கினது நானு. வாக்கு என்னுது. வூடு அவங்கவங்களுது சார், அத்தக் குடுக்க நான் யாரு? எடத்தக் கண்ணால பாத்தப்பறம் அவங்க பிரிக்கட்டும். என்னுத நான் இன்னிக்குப் பிரிக்கறேன்."

"ஏமாத்தினவனுக்குக் குடுத்த வாக்கு செல்லாது!"

"அது அவன் கணக்கு. என் கணக்க நான் பாக்கறேன்."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உன்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாடகம் போட்டு ஊருக்கெல்லாம் புத்தி சொன்னீங்களே சாமி. இந்த மனுசன் தலையில ஏறுற மாதிரி ஒண்ணு போடக்கூடாதா?"

திரும்பும் வழியில் நீ ஒரே ஒரு வாக்கியம் பேசினாய். "நான் எழுதினது இது இல்லடா." உன் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றுதான். உனக்கு அது பழக்கமில்லாததால் எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வேறு இடம் கடைசிவரை வரவில்லை. மேஸ்திரியும் அவர் மனைவியும் அடுத்த வீட்டுச் சுவரோடு சார்த்திய ஒரு தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டார்கள். பழைய இடத்திலேயே கட்டித் தருகிறோம் என்று எத்தனையோ பேர் கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் அவர் இருமியதை நாம் கேட்டோம். நீ அதன்பின் நாடகம் எழுதவில்லை. எழுதச் சொன்னவர்களிடம் நேரமில்லை என்றாய். எனக்குக் காரணம் தெரியும். அதனால்தான் நான்காவதாக அப்படி எழுதினேன். ஒரு வசனம் ஒரு மனிதரின் கூரையை இறக்கியது, உன் பேனாவையும் மூடியது என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மேஸ்திரி கூரைமேல் உட்கார்ந்து செய்தது மானமா மடமையா என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது. இப்போதெல்லாம் யாராவது மேடையேறி வாக்குக் கொடுத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அவர் நல்லவர் என்று தெரிந்தால் இன்னும் அதிகமாக நடுங்குகிறது. அவருக்குப் பின்னால் நிற்பவர்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இறக்கப்பட்ட ஒரு கூரையை மட்டுமே பார்த்து நான் எழுதியிருக்கிறேன். அந்த வசனம் திடலில் கேட்காமல் போயிருந்தால் அந்தத் திங்கட்கிழமை மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், எல்லாக் கூரைகளும் இறங்கியிருக்கும், அத்தனை பேரும் தெருவில் நின்றிருப்பார்கள். நிலக்காரரால் அவர்களைக் கிளப்ப முடியவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சிலர் சுவரைக் கல்லால் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கே இன்றுதான் தெரிகிறது.

நாளைக்கே நீ அந்த வசனத்தோடு வந்து நின்றாலும், வேண்டாம் என்று உன் கையைப் பிடிப்பேன். என் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மேலே நான்காவதாக எழுதியது தவறு. நீ அதை எழுதியிருக்கத்தான் வேண்டும்.