மெழுகு வில்லையை ஆயுதம் என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
சுமைதூக்கும் மேஸ்திரி,
(ஏலக்காரர் ‘மைக்செட்’டின் தாய்மாமன்),
சந்தைக்குப் பின் தெரு, இரும்புக் கதவு வீடு.

பெறுநர்:
உயர்திரு காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் தங்கை மகனின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி அடங்கிய மெழுகு வில்லை, அடிதடி வழக்கில் ஆயுதமாகக் கைப்பற்றப்பட்டது – அவனுடைய அறுவைக்கு முன் விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு கையால் இரண்டு மூட்டையும் மறு கையால் மூன்றாவதையும் தூக்குகிறவன். சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; கேட்காவிட்டால் நானே சொல்வேன். என் தங்கை மகன் அதே சந்தையில் ஏலம் போடுகிறான். ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை என்பதால் ‘மைக்செட்’ என்று பெயர். அவனுடைய இடக் காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. பூசணிக்காய் அளவு என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அறுத்து எடுத்தபோது எலுமிச்சைதான் இருந்தது.

2. அந்தக் கட்டியை மெழுகில் பதித்துச் சீவிப் பார்த்த லேப் டாக்டரம்மா எனக்கு விளக்கியதாவது: உமிழ்நீர் ஊறும் பைகளைச் சுற்றி மயோஎபிதீலியல் செல் என்று ஒன்று உண்டு. பாதி தோலின் குணம், பாதி தசையின் குணம். பையைக் கட்டிப்பிடித்து நெரித்து எச்சிலை வெளியே தள்ளுவது அதன் வேலை. இவனுடைய கட்டி முழுக்க அந்தச் செல்தான். கட்டியைச் சுற்றிய சுவருக்குள் அடங்கிக் கிடந்தால் சாது. சுவரைக் கிழித்துப் பக்கத்துச் சதையில் புகுந்திருந்தால் புற்று. முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லவும் முடியாதாம். ஓரிடத்தில் நீளமாக, ஓரிடத்தில் உருண்டையாக வேஷம் மாற்றிக்கொண்டு நிற்குமாம். தனிச் சாயம் ஏற்றினால் எது எதுவரை போயிருக்கிறது என்று நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சாயம் பெரிய லேபில்தான் இருக்கிறது.

3. அது தெரியாத பட்சத்தில், வரும் சனிக்கிழமை இரண்டாம் அறுவையில் மீதிச் சுரப்பியோடு அதனூடே ஓடும் முக நரம்பையும் எடுக்க நேரலாம் என்று அறுவை டாக்டர் கையெழுத்துக் கேட்கிறார். நரம்பு போனால் பாதி முகம் தொங்கும். கண் மூடாது. உதடு ஒட்டாது. ‘ஒருதரம், ரெண்டுதரம்’ வரை எப்படியோ சொல்லிவிடுவான். ‘மூணுதரம்’ என்று முடிக்க, முதல் எழுத்துக்கே உதடு ஒட்ட வேண்டும் ஐயா. முடிக்கத் தெரியாத ஏலக்காரனிடம் யார் சரக்கு இறக்குவார்கள்?

4. ஆகவே பெரிய லேபுக்குக் கொண்டுபோக, கட்டி பதித்த அந்த மெழுகு வில்லையை வாங்க நானும் தங்கையும் டாக்டரம்மாவின் லேபுக்குப் போனோம். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். ரசீதில் கையெழுத்திட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அப்போது மெழுகு சீவும் ஊழியர், “எதுக்குய்யா அலையறீங்க? வாய் கோணினா பாதி விலைக்கு ஏலம் விடட்டும்” என்றார். நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அடுத்து அவர் என் கையைப் பார்த்தார்.

5. முதலில் மூக்கு உடைந்தது. பிறகு மேசையோடு சாய்த்ததில் கண்ணாடித் தகடுகள் நொறுங்கி அவர் முதுகில் ஏறின. தடியோடு பன்னிரண்டு காவலாளிகள் பாய்ந்தார்கள் (உண்மையில் மூன்று). ஒருவரின் தோள்மூட்டு கழன்ற சத்தம் எனக்கே கேட்டது. என் மண்டை பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியும் நான் ஊழியரின் கழுத்தை விடவில்லை. “விடுண்ணே, செத்துடுவான்ணே!” என்று தங்கை என் இடுப்பில் தொங்கிய பிறகே விட்டேன். அங்கு வந்த உதவி ஆய்வாளர், “எதாலய்யா இப்படி அடிச்சே?” என்று கேட்டார். சுற்றிலும் கூட்டம். வெறுங்கை என்றால் சப்பென்று போய்விடும் என்று பட்டது. பையிலிருந்து வில்லையை எடுத்து உயர்த்தி, “இதாலதான்! என் மருமகன் கட்டியாலயே அடிச்சேன்!” என்றேன். கூட்டம் வாயைப் பிளந்தது. உதவி ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

6. இப்போது அந்த வில்லை ‘கையடக்கமான கெட்டி ஆயுதம்’ என்று சீட்டு ஒட்டப்பட்டு, நிலையத்தின் ஜன்னல் தட்டில், ஒரு அரிவாளுக்கும் சைக்கிள் செயினுக்கும் நடுவே கிடக்கிறது. மேலே தகரக் கூரை. மத்தியானம் நேர் வெயில். கட்டியின் ஓரச் சுவர் அந்த ஒரு வில்லையில்தான் இருக்கிறது. மெழுகு உருகிக் குலைந்தால் வேறு இல்லை. ஜாமீனில் வந்ததும் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “நீதானேய்யா ஆயுதம்னு காட்டினே?” என்று உதவி ஆய்வாளர் தர மறுக்கிறார். என் தங்கை ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்து நிற்கிறாள். “ஆயுதத்துக்கு நிழலாம்மா?” என்று காவலர்கள் சிரிக்கிறார்கள்.

7. எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வில்லை அந்த ஊழியரைத் தொடவே இல்லை. சண்டை முடியும்வரை என் பையில் பொத்தான் போட்டபடி இருந்தது. அதில் ரத்தம் இருக்கிறதா என்று தாங்களே பார்க்கலாம். ஒரு மூக்கை உடைக்க இந்தக் கைக்கு மெழுகு வேறு வேண்டுமா ஐயா? வெறுங்கை என்றால் வழக்கு லேசாகும் என்று வக்கீல் சொல்கிறார். அதற்காக நான் இதை எழுதவில்லை. வழக்கை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு காவலாளிகளையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

ஆதலால், வில்லை நீதிமன்றத்துக்குப் போகும் முன் அதை ஆயுதப் பட்டியலிலிருந்து நீக்கி, இன்றே விடுவிக்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். இன்று கிடைத்தால்தான் சனிக்கிழமைக்குள் சாயம் ஏற்ற முடியும் என்று பெரிய லேபில் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அதை என்னிடம் தர வேண்டாம். தந்தால் வழியில் நாலு பேரிடம் காட்டிக் கதை சொல்ல நின்றுவிடுவேன். என் தங்கையிடம் கொடுங்கள். அவள் எங்கும் நிற்க மாட்டாள்.

தங்கள் உத்தரவுக்காக வாசலிலேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
சுமைதூக்கும் மேஸ்திரி

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை