மூச்சு வாங்காத பாடகி

இயேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி

பாசமுள்ள மகள் ஜெபிஷாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கச்சி ஸ்டெபியும் இங்கே நல்ல சுகம், ஜப்பான் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஜெபமாலையில் உன் பேரைச் சொல்லாமல் நாங்கள் எழுந்திருப்பதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், பிடுங்கினால் என்ன சாப்பிட்டாய் என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. அதனால் மக்ரூன் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். மக்ரூன் தூளாகியிருந்தால் என்னைத் திட்டாதே, பெட்டியைக் கட்டியது உன் அம்மா.

முதலில் வீட்டுச் சேதி. கடலில் தண்ணீர் தெளிந்துவிட்டது, சங்கு குளிக்க வள்ளம் தினமும் போகிறது, சங்கும் பரவாயில்லை. இன்ஜின் மட்டும் வயசான ஆள் மாதிரி காலையில் எழும்ப முரண்டு பிடிக்கிறது, மெக்கானிக் ஆன்டனி வந்து நாலு தட்டுத் தட்டினால்தான் பேசும். புன்னைக்காயல் பேபி சித்தி மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது, ஈஸ்டர் முடிந்து கல்யாணம், லீவு கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிடாதே, கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல். ஸ்டெபி போன தடவை விட்ட அக்கவுண்ட்ஸ் பேப்பரை எழுதித் தேறிவிட்டாள். ஃபெயிலானபின் பத்து நாள் யாரோடும் பேசாமல் கிடந்த பிள்ளை, அக்கா அனுப்பிய பாட்டைக் கேட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தேன் என்று சொல்லுகிறாள். நாங்கள் வாங்கிக் கொடுத்த பரோட்டா சால்னாவெல்லாம் கணக்கில் வராது போலிருக்கிறது. இருக்கட்டும், பிள்ளை சிரிக்கிறாளே, அது போதும்.

இப்போது அந்தப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெபி ஃபெயிலாகிக் கிடந்தபோது வாட்சப் குரூப்பில் வோகலாய்ட் என்று ஐந்து ஜப்பான் பாட்டை அனுப்பி, இருபது வயசுப் பிள்ளைகள் கட்டாயம் கேட்கவேண்டியது என்று தங்கச்சிக்குப் போட்டாய். இப்போது எனக்குத் தனியாக ஒன்று எழுதினாய். அதில் ஒரு பாட்டு உன் சிநேகிதி ஒருத்தி செய்தது, மே மாதம் ஒசாகாவில் ஒரு பெரிய ஹாலில் அதைப் போடுகிறார்கள், திரையில் செய்தவர் பேர் வரும், சொந்தப் பேரைப் போடுவதா இதுவரை வைத்திருந்த புனைபேரையே போடுவதா என்று அவள் தவிக்கிறாள், கடலில் பாடுபட்டு இன்ஜினியரிங் படிக்கவைத்த வீட்டுக்காரர்கள் இந்த வயசில் பொம்மைக்குப் பாட்டுக் கட்டுகிறாயா என்று சிரிப்பார்களோ என்று பயப்படுகிறாள், நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் அப்பா, இந்த மாதக் கடைசிக்குள் பேரைக் கொடுக்கவேண்டும் என்று எழுதினாய். சரி, ஒரு பெண்பிள்ளை தவித்துக்கொண்டிருக்கிறாள், பொறுப்பாகக் கேட்போம் என்று ஸ்டெபியின் இயர்போனை வாங்கிச் சேரில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு, ஸ்டெபியை எழுப்பி உட்காரவைத்ததே, அதுதான். என்ன வேகம். பாடுகிற பிள்ளை ஒரு வரி முடிக்கிறாள், அடுத்த வரி, அதற்கடுத்த வரி, நடுவில் மூச்சே வாங்கவில்லை. தண்ணிக்குள்ளே போன ஆள் மேலே வராவிட்டால் எனக்கு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், என்னை அறியாமல் நானும் அவளோடு மூச்சைப் பிடித்துவிட்டேன். அவள் வருவாள் வருவாள் என்று பார்க்கிறேன், வரவேயில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா என் கண் பிதுங்கி இருந்ததைக் கண்டு மாதாவே என்று கத்தி, கையிலிருந்த செம்புத் தண்ணீரை அப்படியே என் தலையில் ஊற்றிவிட்டாள். ஸ்டெபி ஓடி வந்தாள், எனக்காக இல்லை, போனுக்காக. அப்புறம்தான் சொல்லுகிறாள், எப்பா அங்கன பாடுதது ஆளே இல்ல, கம்ப்யூட்டர் குரலு, திரையில ஒரு பொம்மை நின்னு நாம எழுதிக் குடுத்ததைப் பாடும் என்று. இதை முதலிலேயே சொல்லவேண்டாமா? சம்பளம் கேட்காது, தொண்டை கட்டாது, நல்ல பாடகிதான்.

அதன்பின் துவட்டிக்கொண்டு பயமில்லாமல் மீதியைக் கேட்டேன், ஸ்டெபி கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொன்னாள். கடைசி ரயிலில் ஒருத்தி யாருக்குப் போன் பண்ணுவது என்று தெரியாமல் நிற்கிற பாட்டு நல்ல பாட்டு, ஆனால் நீ அதை ஷிப்ட் முடிந்து தனியாக வரும்போது கேட்காதே, அந்த நேரத்தில் எங்களுக்குப் போன் பண்ணு. மூன்றாவது அசல் குத்து, பேபி சித்தி வீட்டுக் கல்யாணத்தில் போட்டால் பாதிரியாரே காலைத் தட்டுவார். நாலாவதில் ஒரு மகள் அம்மாவோடு சண்டை போடுகிறாளாம், உன் அம்மா அர்த்தம் தெரியாமலே அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு மீன் உரசும்போதெல்லாம் முனகுகிறாள். நாங்களும் சொல்லவில்லை.

ஐந்தாவது பாட்டு மெதுவானது. கடலுக்குள் குளிக்கப் போனவள் மேலே வரும்வரை படகை நகர்த்தாதே என்று வருகிறதாம். அதன் நடுவில் இசை நின்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. முதலில் வாயால் நீளமாக ஒரு ஊதல், பிறகு இரண்டு குட்டி மூச்சு, பிறகு நெஞ்சு நிறைய ஒன்று, அதன் கடைசியில் முன்பல் இடுக்கில் ஒரு விசில். மூச்சே விடத் தெரியாத குரலுக்கு இந்த மூச்சு எங்கிருந்து வந்தது? நான் இயர்போனைக் கழற்றி அம்மா காதில் வைத்தேன். அவள் கேட்டுவிட்டு, இது ஒங்க மூச்சுல்லா, இம்புட்டு வருசமா பக்கத்துல படுத்துக் கேக்கேன், எனக்குத் தெரியாதா என்று சொல்லி அழுதுவிட்டாள். போன திருவிழாவுக்கு வந்திருந்தபோது ஒரு காலையில் வள்ளத்தடியில் வைத்து, குதிக்கிறதுக்கு முன்னால் எப்படி மூச்சு எடுப்பீர்கள் என்று கேட்டாய், நானும் பெருமையாக எடுத்துக் காட்டினேன். போனை எதற்கு என் மூக்குக்கிட்ட நீட்டுகிறாய் என்றதற்குச் சும்மா என்றாய். சும்மாவாம்.

மகளே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன், வள்ளத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன், யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை, அதை நீதான் சொல்லவேண்டும். என் பிள்ளை பொம்மைக்குப் பாட்டுக் கட்டினால் என்ன, மீனுக்குக் கட்டினால் என்ன, கேட்கிறவன் நெஞ்சு அசைகிறதா இல்லையா? உன் சிநேகிதியிடம் சொல், அவள் எவ்வளவு ஆழம் போனாலும் மேலே வரும்வரை இங்கே படகு நகராது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, சைக்கிளில் போகும்போது காதில் ஒன்றும் மாட்டாதே, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவரும் மாதாவும் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், அம்மாவின் முத்தமும் இதில் சேர்ந்தது.

மறந்துவிடாதே, மாதக் கடைசிக்குள் பேரைக் கொடுத்துவிடு. சொந்தப் பேர்தான். முன்னால் இனிஷியலும் இருக்கட்டும், மூச்சு என்னுடையதுதானே.

இப்படிக்கு,
உன் அப்பா
ரோச்