மிதுஷாவின் பெட்டி ஓடுகிற அளவு

மிதுஷா அப்பா,

தோட்டத்துப் பெரட்டுல பேர் கூப்பிடுற நேரமாச்சு, உங்கள எழுப்பல. ரொட்டி சட்டியில மூடி இருக்கு. சம்பல் கொஞ்சம் உறைப்பு.

கொழும்புக் கடையில அந்தச் சின்ன அளவு வெளையாட்டு ரயில வாங்காதீங்க. மேசையிலயே அடங்கும், புதுசா தொடங்குறவங்களுக்கு எச்ஓங்கிற அந்த அளவுதான் லேசுன்னு கடைக்காரர் போன்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ஆனா பெக்டரி டீமேக்கர் ஐயா வெளிநாடு போறப்ப புள்ளைக்குக் குடுத்த செவப்பு ரயில் பெட்டி அந்தத் தண்டவாளத்துல நிக்காது. நேத்து அவ அடிமட்டத்தாலயே சக்கரத்துக்கு நடுவுல அளந்து பார்த்தேன். முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ஓங்கிற பெரிய அளவுதான் சரி, எச்ஓ அதுல பாதி. அவ பெட்டி ஓரமா நிக்க, வேற ரயில் சுத்துறத என்னால பார்க்க ஏலாது.

பெரிய ரயில் வளைய எடம் எங்கன்னு நேத்து கத்துனீங்க. அவ படுத்த காம்பரா இருக்கு. புள்ள செத்து ரெண்டு வருஷமா பூட்டியே வச்சிருக்கேன்னு ஏசுனதும் சரிதான். சாவி அரிசி டின்னுக்குள்ள கெடக்கு. கட்டில நீங்களே கழட்டுங்க, நான் வர்றதுக்குள்ள.

சுதா

எடமில்ல, ஓரத்துல எழுதுறேன். அளந்துட்டு பெட்டிய அவ அலுமாரிக்கு மேல வச்சுத்தான் காம்பராவ மறுபடி பூட்டுனேன். விடிய தேத்தண்ணி ஊத்துறப்ப கதவுக்கு அந்தப் பக்கம், தரையில, சக்கரம் உருளுற சத்தம். எலின்னு சொல்லாதீங்க. தெறக்குறதுக்கு முன்னாடி கதவத் தட்டி, அப்பாதான் வர்றேன்னு சொல்லுங்க.