தாரகாவுக்குப் போட்ட சைபர்

கோண்டாவில்
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் துஷாந்துக்கு,

இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். கடல் கடந்த கிளேட்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நல்லூரானிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ இடையில் பாய்ந்து ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், கடைசி வரி வரை வாசி.

நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் தாரகா வீட்டுக்குப் போனோம். ஆவணியில் வைத்த கலியாண எழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லிப் பெண் வீட்டில் கேட்பது லேசான வேலை இல்லை மகன், சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அங்கே கிளென் வேவர்லியில் இருக்கிற வேதவல்லி அன்ரி உனக்குச் சொன்னதை நானும் மனப்பாடமாக்கிக்கொண்டு போனேன். பிஆருக்கு, அதுதான் அங்கேயே நிரந்தரமாக இருக்கிற விசாவுக்கு, புள்ளி போடும்போது தனி ஆளுக்குப் பத்துப் புள்ளி, பதிவாளர் முன்னால் எழுதிவிட்டால் தாலி கட்டாவிட்டாலும் நீ கலியாணமானவன், அந்தப் பத்தும் போய்விடும், உன் கம்ப்யூட்டர் படிப்புக்காரரை விசாவுக்குக் கூப்பிடுகிற புள்ளியோ எட்டாத உயரத்தில் நிற்கிறது, பட்டதாரி விசாவும் வருகிற வருடம் முடிகிறது. ஒன்றும் விடாமல் சொன்னேன். தாரகாவின் அப்பா தருமராசா அண்ணரின் முகம் கறுத்துவிட்டது. "பெடியன் மெல்ல நழுவுறானோ?" என்று கேட்டார். உன் அப்பா குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவருடைய சத்தம் எல்லாம் எங்கள் வீட்டில் மட்டும்தான்.

அப்போது தாரகா குசினியில் இருந்து வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது, குரலில் கோபம் இல்லை. "மாமி, வாற மனிசிக்கு இங்கிலீசும் இல்லை, தொழிலும் இல்லையெண்டால்தான் அந்தப் பத்து முழுசாப் போகும். எனக்குச் சைபர் போட்டது ஆர்?" என்று கேட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். மாசி மாதம் சிநேகிதியின் கலியாணம் என்று கொழும்புக்குப் போனாளே, அது ஆங்கிலச் சோதனை எழுதப் போனதாம். பாஸாகிவிட்டாள். தாதித் தொழில் மதிப்பீட்டுக்கும் பத்திரங்களை அனுப்பியிருக்கிறாள், எழுத்து அன்று உனக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். அது சரிவந்தால் உன் பத்துப் புள்ளி அப்படியே இருக்கும். "தாதிமாரை அங்கை குறைஞ்ச புள்ளிக்கே கூப்பிடுகினம். என்ர விண்ணப்பம் முந்தினால் அவர் என்ர மனிசனா வரட்டும்" என்றாள். தருமராசா அண்ணரே சிரித்துவிட்டார். மதிப்பீட்டு முடிவு இன்னும் வரவில்லை, வரும் என்று அவளுக்கு நம்பிக்கை, எனக்கு அவளைவிடக் கூட.

ஆனால் வெளிக்கிடும்போது படலை வரை வந்து ஒன்று சொன்னாள். "தள்ளிப்போடக் கேட்டது எனக்குக் கவலை இல்லை மாமி. அவர் என்னட்டைக் கேக்கேல்லை, உங்களை அனுப்பிக் கேட்டவர்." எழுத்து ஆவணியிலா, பிறகா, இல்லவே இல்லையா என்று நீ அவளோடு கதைத்த பிறகுதான் சொல்வாளாம். எனக்கு உன்னில் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு பேர் வாழப் போகிற வாழ்க்கைக்கு நீ ஒருவனே இருந்து கணக்குப் பார்த்திருக்கிறாய். மனைவியின் விண்ணப்பத்தில் போவது குறைச்சல் என்றும் நினைக்காதே. நான் வேலைக்குப் போன காலத்தில் அப்பா வீட்டில் இருந்து உன்னைப் பார்த்தவர், அவருக்கு ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு ரயிலுக்குப் போ. வேதவல்லி அன்ரி தருகிற புட்டைச் சாப்பிடு, புள்ளிக் கணக்கை மட்டும் இனி அவவிடம் கேட்காதே. கூறைச்சேலை அலுமாரியில் இருக்கிறது. அதை எடுக்கும்போது தாரகாவை நினைத்துத்தான் எடுத்தேன், உன் விசாவை நினைத்து இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நல்லது நடக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை, கந்தன் துணை இருப்பான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. எனக்குப் பதில் போடாதே, முதலில் அவளுக்குப் போன் எடு. புள்ளியில் தொடங்காதே, சாப்பிட்டாயா என்று கேள், பிறகு மன்னிப்புக் கேள். எழுத்துக்கு எந்த நாள் என்று அவள் சொல்லட்டும்.

உன்னுடைய பதிலைவிட அவளுடைய பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
யோகராணி