தோட்டத்து முத்திரை குத்திய மெடிக்கல் துண்டு

அன்புள்ள அப்பா,

ரிசல்ட்ஸ் பார்க்க இன்டெக்ஸ் நம்பர் வேண்டும் என்று இன்று காலை பழைய ஃபைலைக் குடைந்தேன். நம்பருக்கு முன்னால், டாக்டர் எழுதித் தந்த அந்த மெடிக்கல் துண்டு வந்து விழுந்தது. நாலாக மடித்தது. ஓரத்தில் வெற்றிலைக் கறை. இரண்டு முத்திரைகள்: ஒன்று டவுன் ஆஸ்பத்திரியுடையது, மற்றது நம் தேயிலைத் தோட்டத்து ஆபீசுடையது. விழ வேண்டிய மூன்றாவது முத்திரை, என் கெம்பஸ் முத்திரை, கடைசி வரை அதில் விழவேயில்லை. மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். சுண்ணாம்பும் பாக்கும் மழையில் நனைந்த துணியும் கலந்த உங்கள் சட்டைப்பை வாசம் இன்னும் அப்படியே இருக்கிறது.

ரிசல்ட்டைக் கடைசியில் சொல்கிறேன். உங்களை இழுத்தடிக்காமல் நான் எந்தக் காலத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னேன்?

முதல் வருடப் பரீட்சை. இரண்டு பாடம் எழுதிவிட்டு, மூன்றாவதுக்கு நாலு நாள் இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்தேன். டிக்கெட் எடுக்காமல் டெங்குவும் என்னோடு பஸ்ஸில் வந்தது. நம் மலைக் குளிருக்கு நுளம்பே அண்டாது என்று பெருமையடிக்கும் நீங்கள், "பாத்தியா, கெம்பஸ் போயி வாங்கிட்டு வந்தத" என்றீர்கள். புள்ளிவிபரவியல் பரீட்சை நடந்த மூன்று மணி நேரமும் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேலைன் சொட்டுகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அதுவும் புள்ளிவிபரம்தான். யாரும் மார்க் போடவில்லை.

கெம்பஸ் சட்டத்தை உங்களுக்கு அந்தக் கட்டிலில் வைத்தே சொன்னேன். பரீட்சைக்கு வர முடியாதவர் பதினான்கு நாளுக்குள் மெடிக்கல் கொடுத்தால், அடுத்த தடவை எழுதுவதை முதல் தடவையாகவே எடுப்பார்கள்; ஏ எழுதினால் ஏ. கொடுக்காவிட்டால் அது ரிப்பீட். விடைத்தாளில் வைரம் பதித்தாலும் சி-க்கு மேல் போடமாட்டார்கள்.

"பதினாலு நாளுப்பா. மறந்துறாதீங்க."

"நீ மொதல்ல கஞ்சியக் குடி. நாளைக்கே அனுப்பிர்றேன்."

கவரில் விலாசம் எழுதித் தந்தேன். சொன்னபடி மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். தோட்டத்து ஆபீசில்.

வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீட்டுக் காம்பராவுக்கு நம்பர் ஏது, தெரு ஏது? எனக்குக் கெம்பஸ் கிடைத்த கடிதமே ஆபீஸ் மேசையில் மூன்று நாள் கிடந்துதானே நம் கைக்கு வந்தது. கடிதம் வருவது ஆபீஸ் வழி. அப்படியானால் போவதும் ஆபீஸ் வழிதான். முப்பது வருடமாகச் செய்ததையே அன்றும் செய்தீர்கள். கிளாக்கர் ஐயா விலாசம் பார்க்காமலே கவரைப் பிரித்தார், ஆஸ்பத்திரி முத்திரையைக் கண்டார், தோட்டத்து முத்திரையைக் குத்தினார், வேலைக்கு வராத காய்ச்சல்காரர்களின் துண்டுகளோடு சேர்த்துக் கம்பியில் செருகிவிட்டார். அவரும் தினமும் செய்வதையே செய்தார்.

ரிசல்ட்ஸ் வந்தபோது புள்ளிவிபரவியலுக்கு நேரே 'ஏபி' என்று போட்டிருந்தது. சமுகமளிக்கவில்லை என்று அர்த்தம். கெம்பஸில் எங்கள் பீட ஆபீசில் விசாரித்தேன். மெடிக்கல் வரவேயில்லை என்றார்கள். லீவுக்கு வந்ததும் கிளாக்கர் ஐயாவிடம் போய் நின்றேன். அவர் கம்பியிலிருந்து உருவித் தந்தார். அதற்குள் மூன்று மாதம் ஓடியிருந்தது.

ஆபீசிலிருந்து லயத்துக்கு இறங்கும் படிகளில் உங்களைத் திட்ட எத்தனை வசனம் சேர்த்தேன் தெரியுமா? படிக்கு ஒன்று. ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் ஸ்பெஷல் டிகிரிக்கு எடுபட எல்லாப் பாடத்துக்குமான சராசரி நாலில் மூன்றுக்குக் குறையக் கூடாது. நான் ஆசைப்பட்டதே அது ஒன்றுக்குத்தான். அதைக் கம்பியில் குத்தி வைத்துவிட்டீர்களே என்று கொதித்துக்கொண்டு வந்தால், நீங்கள் வாசலில் குந்தி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னா பாப்பா, எழுத்தெல்லாம் வந்துருச்சாம்ல?"

போனை நீட்டினேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தீர்கள். "இது ஏ. இது பி. இது என்னா, ரெண்டும் சேந்தாப்ல?"

சேர்த்து வைத்த வசனமெல்லாம் எங்கே போயிற்றோ.

"அதுவா? ஏ போடுறதா பி போடுறதான்னு வாத்திமாருக்கே கொழப்பம். ரெண்டையும் போட்டுட்டாங்க."

"அப்ப ஒசத்திதான்?"

"ஒசத்தி இல்லாமயா!"

என் வாய் உங்களுக்குத் தெரியாததா? ஆள் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், மூடுபனிக்குள் ஒளிந்து நின்று, கங்காணி குரலில் "இன்னிக்கு வேல இல்ல, போங்க!" என்று கத்திப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவள் நான். ஆனாலும் நம்பினீர்கள். மறுநாள் பெரட்டில் எல்லோரிடமும் சொன்னீர்கள். ஒரே வாரத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு நான் 'ஏபி அக்கா'. பக்கத்துக் காம்பரா சின்னம்மா, "எம் மவளும் ஏபி எடுக்கணும்னு மாரியம்மாளுக்கு நேந்திருக்கேன்" என்றார். இப்படி ஒரு பாவத்தை நான் அதற்குமுன் செய்ததில்லை.

லீவு முடிந்து திரும்பினேன். ரிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஜூனியர்களுக்கு நடுவே உட்கார வேண்டும். எப்படி எழுதினாலும் சிதான். பிறகு எதற்கு? எழுதாவிட்டால் அந்த இடம் பூச்சியமாகவே நின்று சராசரியை இழுத்து விழுத்தும் என்பது தெரியும். தெரிந்துகொண்டே முறைத்துக்கொண்டிருந்தேன். யாரை முறைத்தேன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் புதன்கிழமை விரிவுரை முடிந்து வெளியே வந்தபோது தோழி சொன்னாள், பீட ஆபீஸ் வாசலில் திருவிழாச் சட்டை போட்ட ஒருவர் என் பேரைச் சொல்லி விசாரித்தார் என்று. ஓடினேன். மூன்று பஸ் மாறி வந்திருந்தீர்கள். குடையைக் கக்கத்தில் இடுக்கி, அதிகாரியின் மேசை முன்னால் நின்றீர்கள். கதவோரம் நின்ற எனக்கு உங்கள் சிங்களம் கேட்டது.

"மாத்தயா, வெரத்த மகே. லமயாகே நெவெய்."

பிழை என்னுடையது ஐயா, பிள்ளையுடையது இல்லை. லயத்தில் யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதிகாரி எழுந்து உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். உட்காராமலே அடுத்த கேள்வியைக் கேட்டீர்கள்: பிள்ளையின் பேரை வெட்டிவிடுவீர்களா? தோட்டத்தில் தொடர்ந்து வேலைக்கு வராதவர் பேரை வெட்டுவார்கள், பேர் போனால் காம்பராவும் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. அந்தப் பயத்தையும் சுமந்துகொண்டுதான் மூன்று பஸ் ஏறியிருந்தீர்கள். பேரையெல்லாம் வெட்டமாட்டோம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மெடிக்கலை இனி ஏற்க முடியாது, ஆனால் ரிப்பீட் விண்ணப்பத்துக்கு வெள்ளி வரை நேரம் இருக்கிறது, மகள் இன்னும் தரவில்லையே என்று ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினீர்கள்.

வெளியே மரத்தடியில் வைத்துக் கேட்டேன். "யாருப்பா சொன்னாங்க?"

"கிளாக்கர் ஐயாதான். ஒம் மக துண்ட வாங்கிட்டுப் போச்சே, கெம்பஸ்ல எடுத்துக்கிட்டாங்களான்னு பெரட்டுல வச்சுக் கேட்டாரு. அப்பறந்தான் ஒன் ஏபி வெளங்குச்சு." குடைக் காம்பால் என் தோளில் தட்டினீர்கள். "பொய் சொல்ற கழுத, சின்னதா ஒண்ணு சொல்லக் கூடாதா? நான் மேல் மலை டிவிஷன் ஆளுங்க வரைக்கும் சொல்லிட்டேனே."

"எழுதுனாலும் சிதாம்ப்பா குடுப்பாங்க."

"குடுக்குறதக் குடுக்கட்டும். நீ வந்து எழுதுனேன்னு இருக்கணும்ல."

"ஜூனியர் பொடியங்க சிரிப்பாங்க."

"நீ பாத்துச் சிரிக்காத ஆளு யாரு மிச்சம்? ஒரு நாளைக்கு அவங்க சிரிக்கட்டும். போடு கையெழுத்த."

மேசை இல்லை. நீங்கள் குனிந்தீர்கள். உங்கள் முதுகில் படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் சிரித்ததில் எழுத்து கோணிவிட்டது. "அப்ப லயத்துல நெசத்த சொல்லிறவா?" என்று கேட்டேன். "சொல்லாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றீர்கள்.

இரண்டு மாதம் கழித்து, கவ்வாத்து மலையில் குளவிக்கூடு கலைந்தது. உங்களோடு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தப்பினார்கள்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, மேல் டிவிஷனிலிருந்து வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் நான் பார்த்தேயிராதவர். "நீதான அந்த ஏபி எடுத்த புள்ள? போன வாரங்கூடச் சொன்னாரும்மா ஒங்கப்பா, எம் மக ரெண்டெழுத்துக்காரின்னு."

போன வாரம்! அர்த்தம் தெரிந்த பிறகும், மரத்தடியில் கையெழுத்து வாங்கிய பிறகும், நீங்கள் மலை மலையாகப் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். தோட்டத்தையே ஏமாற்றிய என்னை நீங்கள் சத்தமில்லாமல் ஏமாற்றியிருக்கிறீர்கள். சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அழுகையே வந்தது.

ரிப்பீட் அன்று ஜூனியர்களுக்கு நடுவே, முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவன் சிரிக்கத்தான் செய்தான். அவனிடமே பேனா இரவல் கேட்டேன். ஐந்து கேள்விக்கும் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் எழுதியதில்லை.

சரி, இழுத்தது போதும். ரிசல்ட்: சி. போட முடிந்தது அவ்வளவுதான், அவ்வளவையும் போட்டிருக்கிறார்கள். சராசரி மூன்றைத் தாண்டி ஒரு நூல் மேலே நிற்கிறது. ஸ்பெஷல் டிகிரிப் பட்டியலைக் கீழிருந்து பார்த்தால் இரண்டாவது பேர் என்னுடையது. வெட்டவில்லை அப்பா. பேர் இருக்கிறது.

தண்ணி எடுக்கப் பீலிக்குப் போனேன். சின்னம்மா மகள் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏபி அக்கா, இந்த வாட்டி என்னா எழுத்து?"

"சி."

"ஏபிய விட ஒசத்தியா?"

நிறையப் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஆமாடி. இது எங்கப்பா கெம்பசுக்கே போயி வாங்கிட்டு வந்தது."

துண்டை நீங்கள் மடித்த மடிப்பிலேயே மடித்துத் திரும்பவும் ஃபைலில் வைத்திருக்கிறேன். அந்தச் சட்டமும் உங்கள் பிழையும் என் பொய்யும் அந்த ஒரு துண்டில் இருக்கின்றன. அடுத்த வாரம் ஸ்பெஷல் படிவம் நிரப்பப் போகும்போதும் அது பையில் இருக்கும். கையெழுத்துப் போட மேசை இருக்கும். ஆனாலும் எழுத்து கொஞ்சம் கோணத்தான் போகிறது.

உங்கள்,
ரெண்டெழுத்துக்காரி